ஹட்டனில் ஒரு மோட்டார் சைக்கிள்

வட்டவளையைத் தாண்டியதும் புகையிரதத்துக்கு மூச்சு வாங்கத் தொடங்கும். மலைநாட்டுக்குப் பிரயாணம் செய்தவர்கள் அந்த இடத்தை நன்கு அறிவார்கள். ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. மறுபக்கம் யன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் தொடக்கூடிய தேயிலை. இரண்டுக்கும் நடுவே விடாத மழை. 1884ஆம் ஆண்டு ஹட்டன் வரைக்கும், அடுத்த ஆண்டு நானுஓயா வரைக்கும் இந்த இருப்புப் பாதையைக் கொண்டு சென்றவர்கள், தோட்டத்து விளைச்சலைத் துறைமுகத்துக்கு இறக்கும் நோக்கத்துடன்தான் அதைச் செய்தார்கள். ஆனாலும் நம்மைப் போன்ற சாமானியப் பிரயாணிகளும் அதனால் பயனடைந்து வருகிறோம் என்பதை மறுப்பதற்கில்லை.

2024 ஆகஸ்ட் விடுமுறையில் நாம் ஹட்டனில் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. முன்னொரு காலத்தில் ஆறு ஆண்டுகள் அந்த ஊரில் பௌதிகம் படிப்பித்தவர்கள் நாம். ஆகவே குடையை விரிக்காமலே நடக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆயினும் இம்முறை சிவனொளிபாத மலையைப் பார்ப்பதற்கோ, நீர்வீழ்ச்சிகளின் அழகை அள்ளிப் பருகுவதற்கோ நாம் வரவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்க்க வந்தோம்.

எமது பழைய மாணவன் ஒருவன் டிக்கோயா வீதியில் உள்ள ஒரு சிறிய கராஜில் வேலை செய்கிறான். இருபத்தாறு வயது. கணக்கில் சுமார்; ஆனால் பௌதிக ஆய்வுகூடத்தில் பழுதாகிக் கிடந்த தராசைக் கேட்காமலே திருத்தி வைத்தவன். அவன் தொலைபேசியில் சொன்ன செய்தி இதுதான்: "சேர், அப்பாவோட ஹொண்டாவ கபே ரேஸரா மாத்தப் போறேன். வெட்டுறதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும்."

வெட்டுவது என்ற சொல் எமக்குச் சிறிது கலக்கத்தைத் தந்தது. உடனே புறப்பட்டுவிட்டோம்.

கபே ரேஸர் என்பது இன்னதென்று அறியாத வாசகர்களுக்காக இங்கே கொஞ்சம் விவரம் சொல்லவேண்டும். லண்டன் மாநகரின் வடக்குச் சுற்றுவீதியில் 1938ஆம் ஆண்டு லொறிச் சாரதிகளுக்காக ஒரு தேநீர்க் கடை திறக்கப்பட்டது. அதன் பெயர் ஏஸ் கபே. யுத்தக் காலத்தில் குண்டு விழுந்து அழிந்த அக்கடை 1949இல் மீண்டும் எழுந்தது. அதன் பின்னர் வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேலைக்குப் போய்க் கையில் நாலு காசு பார்த்த லண்டன் இளைஞர்கள், மாலை வேளைகளில் மோட்டார் சைக்கிள்களில் அங்கே வந்து கூடினார்கள். தேநீர் குடிப்பார்கள், பாட்டுப் பெட்டியில் காசு போடுவார்கள், பிறகு யார் முந்துவது என்று வீதியில் பாய்வார்கள். பாட்டு முடிவதற்குள் குறித்த ஓர் இடம்வரை போய்த் திரும்பிவிட வேண்டும் என்பது பந்தயம் என்று ஒரு கதை உண்டு. மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொட்டவனுக்குத் தனி மரியாதை. உண்மையான பந்தய வீரர்கள் அல்லர், தேநீர்க் கடைப் பந்தயக்காரர்கள் என்று லொறிக்காரர்கள் கேலியாக இட்ட பெயரே நிலைத்துவிட்டது என்பார்கள்.

அந்த இளைஞர்களுக்குப் பந்தய வண்டி வாங்கப் பணம் இல்லை. ஆகவே சாதாரண வண்டியைப் பந்தய வண்டியாக மாற்றினார்கள். கைப்பிடியைத் தாழ்த்தினார்கள், உடம்பு குனிந்து காற்றைக் கிழிக்க வேண்டும் என்பதற்காக. கால்தாங்கியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். மட்கார்டைக் குறுக்கினார்கள். இருவர் அமரும் சீட்டை எடுத்துவிட்டு, பின்புறம் திமில்போல் உயர்ந்த ஒற்றைச் சீட்டைப் பூட்டினார்கள். இந்தக் கலையின் உச்சம் ட்ரைட்டன் என்ற வண்டி. அது எந்தத் தொழிற்சாலையிலும் பிறந்ததன்று. நோர்ட்டன் கம்பனிக்காக பெல்பாஸ்ட் நகரத்து ரெக்ஸ் மக்கன்ட்லஸ் உருவாக்கி, 1950இல் பந்தயக் களத்தில் இறங்கிய சட்டம் மிக உறுதியானது. ஓட்டிய வீரர் ஒருவர் இறகு மெத்தையில் அமர்ந்ததுபோல் இருக்கிறது என்று சொன்னதால் அதற்கு அதுவே பெயராயிற்று. சிறிய பந்தயக் கார் கட்டியவர்கள் நோர்ட்டன் எஞ்சினுக்காக முழு மோட்டார் சைக்கிளையும் வாங்கி, எஞ்சினை எடுத்துக்கொண்டு சட்டத்தைக் கழித்துவிட்டார்கள். அவ்வாறு அநாதையாக நின்ற சட்டங்களில் ட்ரயம்ப் கம்பனியின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினால் அதுவே ட்ரைட்டன். ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கியதில் மற்றவர் வேண்டியதைக் கண்டார்.

சுருக்கமாகச் சொன்னால் கபே ரேஸர் என்பது ஒரு கழித்தல் கணக்கு. எதையெல்லாம் எடுத்துவிடலாமோ அதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேகம்.

இலங்கைத் தேயிலை பெருமளவில் பிரித்தானியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1965இல் உலகிலேயே அதிகம் தேயிலை ஏற்றுமதி செய்த நாடு என்ற இடத்தை இலங்கை முதன்முதலாகப் பிடித்தது. ஏஸ் கபேயில் அந்த இளைஞர்கள் குடித்த கோப்பையில் டிக்கோயாக் கொழுந்தும் கலந்திருக்கக்கூடும். கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளை இன்று அந்தக் கடையின் பெயரைத் தாங்கிய வண்டியைக் கட்ட நினைக்கிறான். 1969இல் மூடப்பட்ட அக்கடை 2001இல் மறுபடியும் திறக்கப்பட்டு, இப்போது உலகெங்கிலுமிருந்து மோட்டார் சைக்கிள் அபிமானிகள் யாத்திரை போகும் தலமாகிவிட்டது. 1955இல் சென்னையில் வண்டி கட்டத் தொடங்கிய என்பீல்டு நிறுவனமும், இங்கிலாந்தில் தன் தாய்க் கம்பனி 1960களில் விற்ற கொன்டினென்டல் ஜி.டி. என்ற கபே ரேஸரின் பெயரை 2013இல் மீட்டெடுத்து விற்பனைக்கு விட்டது. பழைய கிறுக்குகளுக்கும் ஒரு மறுபிறவி உண்டு போலும்.

மலைநாட்டுக்கு மோட்டார்ப் பந்தயம் புதிதன்று. நுவரெலியாவில் மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டு தொடங்கியது. சித்திரை வசந்த காலத்தில், தேயிலைச் சரிவினூடே வளைந்து ஏறும் பாதையில், வண்டிகள் ஒவ்வொன்றாக நேரத்தோடு போட்டியிடும். அக்காலத்தில் தோட்டத்துச் சின்னதுரைமார் பி.எஸ்.ஏ., நோர்ட்டன் போன்ற வண்டிகளில் மலை மலையாகச் சுற்றுவார்கள். சத்தம் கேட்டவுடன் கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொள்வார் என்று எம்மிடம் கதை சொன்ன முதியவர்கள் பலர். பிற்பாடு அந்நியச் செலாவணி நெருக்கடியில் உதிரிப்பாகம் இறக்குமதி செய்வது அரிதாயிற்று. அந்த ஆண்டுகளில்தான் இவ்வூர்க் கராஜ்களில் ஒரு வித்தை வளர்ந்தது: இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்து எடுப்பது, ஒரு வண்டியின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்துவது. 1977க்குப் பிறகு இறக்குமதி தாராளமாகி ஜப்பானிய ஹொண்டாக்கள் வந்தன. 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. பழைய வண்டிகளின் விலை ஏணி வைத்து ஏறியது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கீடு செய்த நாட்களையும் நாம் மறந்துவிடவில்லை.

எம்முடைய மாணவனின் அவசரத்துக்குக் காரணமும் இதுதான். புது வண்டி கிடையாது. பழைய வண்டி வாங்கும் வசதி இல்லை. கையில் இருப்பது தகப்பனாரின் ஹொண்டா சி.டி. 125 ஒன்றே. "ஒரே ஒரு வண்டி நல்லாச் செஞ்சு காட்டிட்டா, வேலை தேடி வரும் சேர். நான் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகத் தேவையில்ல," என்றான். அவனுடைய தோழர்களில் பாதிப் பேர் கொழும்பில் இருக்கிறார்கள். மீதிப் பேரில் சிலர் அரபு நாடுகளில். அவன் சொன்னதில் விளையாட்டுப் புத்தி எதுவும் இல்லை.

கராஜில் அவன் எமக்குக் காட்டியவற்றை எல்லாம் எழுதினால் பத்திரிகாசிரியர் பொறுக்கமாட்டார். ஆனாலும் சில விஷயங்களை விட மனமில்லை.

முதலாவது காற்று. கடல்மட்டத்தில் காற்றழுத்தத்தை நூறு பங்கு எனக் கொண்டால், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஏறக்குறைய எண்பது பங்குதான். அதனால்தான் அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேக நேரம் எடுக்கிறது என்று வீட்டுப் பெண்கள் குறைப்படுகிறார்கள். எஞ்சினுக்கும் அதே குறைதான். உள்ளே இழுக்கும் காற்றின் செறிவு குறைந்துவிடுகிறது. காபுரேட்டரோ பெற்றோலை அந்த அளவுக்குக் குறைக்காமல் ஊற்றுகிறது. கலவை தடித்து, பிளக் கரிபிடித்து, வண்டி இருமுகிறது. கொழும்புக்காரர் ஏப்ரல் மாதத்தில் நுவரெலியா வந்து, வண்டிக்கு ஏதோ நோய் என்று பயப்படுவது இதனால்தான். மருந்து எளிது: காபுரேட்டரில் பெற்றோல் வரும் ஜெட் என்ற சிறு துளையை இன்னும் சிறியதாக மாற்றவேண்டும். அதே வண்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோனால் பழைய ஜெட்டை மீண்டும் போடவேண்டும். மறந்தால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும். எம் மாணவன் இரண்டு ஜெட்டுகளையும் தீப்பெட்டிக்குள் வைத்திருந்தான். வகுப்பில் நாம் கரும்பலகை நிறைய எழுதிய வாயு விதி ஒரு தீப்பெட்டிக்குள் இருப்பதைக் கண்டு எமக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

இரண்டாவது பல்சக்கரம். முன்னால் 15 பல், பின்னால் 45 பல் என்றால், முன்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. பின்னால் 48 பல் போட்டால் இழுவை கூடும், ஓட்டம் குறையும். லண்டன்காரன் சமவீதியில் நூறு மைலைத் தொட விரும்பியவன். அவன் பின்பல்லைக் குறைப்பான். ஹட்டன்காரன் கூட்டவேண்டும். இங்கே அந்த வேகத்துக்கு வீதி கிடையாது. அடுத்த வளைவு அதற்குள் வந்துவிடும்.

மூன்றாவது சட்டம். வண்டிச் சட்டத்தையல்ல, அரசாங்கச் சட்டத்தைச் சொல்கிறோம். சேசி இலக்கம் பொறித்த இடத்தைத் தொடக்கூடாது. பதிவுப் புத்தகமும் வண்டியும் ஒன்றுக்கொன்று முரண்படக்கூடாது. சைலன்சரை வெறுங்குழாயாக்கி ஊரை எழுப்பினால் பொலிஸார் மறிப்பார்கள். இந்த விஷயத்தில் நாம் பொலிஸாரின் பக்கமே. பரீட்சைக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு அருகே அப்படி ஒரு வண்டி போனால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்கள் நாம்.

கராஜ் முதலாளியை எல்லோரும் பாஸ் என்றே அழைக்கிறார்கள். அவரிடம் ஏற்கெனவே மாற்றிக் கட்டிய கபே ரேஸர் ஒன்று இருந்தது. கறுப்பு டாங்க், மண்ணிறச் சீட்டு, தாழ்ந்த கைப்பிடி. பார்ப்பதற்கு ஓடத் தயாரான வேட்டை நாய்போல் இருந்தது. "ஓட்டிப் பாருங்க சேர், அப்பத்தான் வெளங்கும்," என்றார். நாற்பது கடந்த உபாத்தியாயர் மறுத்திருக்கவேண்டும். மறுக்கவில்லை.

மறுநாட்காலை மழை சற்று ஓய்ந்திருந்தது. நாம் பாஸின் வண்டியிலும், மாணவன் தகப்பனாரின் ஹொண்டாவிலும், தலைக்கவசங்களை இறுக்கிக்கொண்டு நானுஓயா நோக்கிப் புறப்பட்டோம். கொட்டகலை, பத்தனை, பிறகு அந்தப் பெயர்பெற்ற வளைவுகள். டெவன் நீர்வீழ்ச்சி 97 மீற்றர் உயரத்திலிருந்து வெள்ளைச் சேலை உலர்த்தியதுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. சென் கிளயார் மட்டும் முன்போல் இல்லை. 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கிய பின் அதன் தண்ணீர் குறைந்துவிட்டது. ஏறும்போது வண்டி எமக்குப் பெருமையையே தந்தது. குனிந்த உடம்பு, காதருகே காற்று, இருபுறமும் பச்சை. இருபது வயது குறைந்ததாக ஓர் எண்ணம். லிந்துலையைக் கடந்து, எமக்குத் தெரியாத ஏதோ ஒரு பாட்டையும் முணுமுணுத்தோம் என்று பின்னால் வந்த மாணவன் சாட்சி சொல்கிறான்.

ரதல்லையில் நிறுத்தினோம். 2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு, அங்கிருந்து நானுஓயா செல்லும் குறுக்குப் பாதையில், சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ் ஒன்று ஒரு வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் ஏழு பேர் மாண்டார்கள். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் நாம். அந்தச் சரிவைப் பார்த்தபடி சிறிது நேரம் பேசாமல் நின்றோம்.

பிறகு மாணவன், "சேர், எறங்கும்போது பிரேக்க நம்பாதீங்க. இரண்டாம் கியர்ல எஞ்சினே புடிக்கட்டும்," என்றான். அவன் சொன்னதைக் கணக்காகவும் சொல்லலாம். வண்டியும் இரண்டு பேருமாக 250 கிலோ எனக் கொள்வோம். நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் உயர வித்தியாசம் சுமார் 600 மீற்றர். அவ்வளவு பாரம் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதையும் வெப்பமாக்கினால், நாலரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு குடும்பமே இரண்டு தரம் தேநீர் குடிக்கலாம். காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளாவிட்டால், அத்தனை சூட்டையும் உள்ளங்கை அளவான பிரேக் கட்டைகள் தாங்கவேண்டும். சூடேறிய பிரேக் பிடிக்காது. லண்டன் இளைஞன் இதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கத் தேவையில்லை. அவனுடைய வீதி இறங்கவில்லை.

இறங்கும்போதுதான் வண்டி தன் உண்மைச் சொரூபத்தைக் காட்டிற்று. கைப்பிடி தாழ்ந்திருந்ததால் உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் வந்து இறங்கியது. மட்கார்ட் குறுகியதால் சேறு முதுகுவரை வந்தது. செயினுக்கு மூடி இல்லாததால் மணல் அரைபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு தோட்டத்துக் கிளைப்பாதையில் திரும்பி, ஊசிமுனை வளைவு ஒன்றில் கைப்பிடியை முழுவதும் ஒடித்தபோது, எமது பெருவிரல் கைப்பிடிக்கும் டாங்குக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டது. நடக்கும் வேகம்தான். ஆனாலும் என்ன! வண்டியும் நாமுமாக மெதுவாகச் சாய்ந்து, தேயிலைக்கு நடுவே வெட்டியிருந்த கானுக்குள் அமர்ந்தோம்.

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் முதலில் "ஐயோ" என்றார்கள். நாம் எழுந்து நிற்பதைக் கண்டதும் சிரித்தார்கள். அதில் ஒரு பாட்டி, "தொரமாரு காலத்திலயும் இதே கான்லதான் விழுவாங்க," என்று சொன்னது எமக்கு ஒருவகை ஆறுதலைத் தந்தது. முழங்காலில் சிராய்ப்பு, சைலன்சரில் ஒரு கீறல். பாஸ் அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. கணக்கில் எழுதிக்கொண்டிருப்பார்.

மீதி வழி முழுவதும் மாணவன் கபே ரேஸரை ஓட்டினான். நாம் ஹொண்டாவில் ஏறிக்கொண்டோம். வீட்டுக் கதிரையில் அமர்ந்ததுபோல் முதுகு நிமிர்ந்தது. அகலமான சீட்டு, முழு மட்கார்ட், செயினை முழுவதும் மூடிய தகரப் பெட்டி, பின்னால் சாமான் கட்டும் கம்பிச் சட்டம். இவை ஒவ்வொன்றும் மாணவனின் கொப்பியில் 'கழற்ற வேண்டியவை' என்ற தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருந்தன.

அன்று மாலை அவனுடைய வீட்டுக்குப் போனோம். டிக்கோயாவுக்கு அப்பால் ஒரு தோட்டம். பழைய லயத்தின் கடைசிக் காம்பிரா. தகப்பனார் தேயிலை ஸ்டோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "வாங்க சேர், ஒக்காருங்க," என்று எம்மை அமரச் செய்துவிட்டு, வாசலில் நின்ற ஹொண்டாவின் டாங்கைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மாணவன் கொப்பியை விரித்து, தான் கீறி வைத்திருந்த படத்தைக் காட்டினான். உண்மையைச் சொன்னால் படம் அழகாகவே இருந்தது. டாங்கிலிருந்து சீட்டின் திமில்வரை ஒரே கோடு. எங்கே கிரைண்டர் வைத்துப் பின்சட்டத்தை வெட்டுவது, எங்கே வளைந்த குழாயை ஒட்டுவது என்றெல்லாம் அளவுகளோடு விளக்கினான். தகப்பனார் முழுவதும் கேட்டார்.

"சேர், அது இருக்குற மாதிரியே இருந்தா என்னாங்க?" என்றார் கடைசியில், மகனிடம் அன்று, எம்மிடம்.

நாம் என்ன சொல்வது! இந்த வேலை அவனுடைய பிழைப்புக்கு வழிதிறக்கும் என்று சொன்னோம். அவர் தலையசைத்தார். அதற்குள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாயார், தலைத்துண்டை அவிழ்த்தபடி படத்தை எட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அதெல்லாம் சரிதான் தம்பி. இதுல நான் எங்க ஒக்கார்றது?"

மகன் சிரித்தான். "நீங்க பஸ்ல போகலாந்தானேம்மா."

ஒருவரும் பதில் சொல்லவில்லை. தகப்பனார் மாத்திரம் சீட்டைத் தட்டி, "மூணு பேரு போன சீட்டு சேர்," என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மற்றதைத் தாயார் சொன்னார். மகனுக்கு எட்டு வயதாக இருக்கையில் ஓர் இரவு நெருப்புப்போல் காய்ச்சல். மழையில் முச்சக்கரவண்டி எதுவும் தோட்டத்துக்குள் வர மறுத்துவிட்டது. பிள்ளையைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பின்சீட்டில்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிறகு எரிவாயுச் சிலிண்டர், அரிசி மூட்டை, தங்கையின் பள்ளிக்கூடப் பை எல்லாம் அந்தக் கம்பிச் சட்டத்தில்தான் மலை ஏறின. இவற்றைத் தாயார் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை; சந்தைக் கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். மகன் கொப்பியை மூடிவிட்டான்.

அன்றிரவு அவன் எம்மைப் பஸ்ஸில் ஏற்ற வந்தபோது, "அப்ப செய்யாம விட்டுருவோமா சேர்?" என்று கேட்டான். விட்டுவிடு என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸின் யன்னல்களில் எல்லாம் அவன் வயதுப் பையன்களின் முகங்கள். "வண்டியை வெட்டாமல் செய்ய முடியுமா என்று யோசித்துப் பார், தம்பி. லண்டன்காரனுக்கு வேண்டாதது எது என்று அவன் பார்த்தான். உனக்கு வேண்டாதது எது என்று நீதான் பார்க்கவேண்டும்," என்று மட்டும் சொன்னோம். உபாத்தியாயர்களுக்கு இப்படிப் பேசுவது சுலபம்; கிரைண்டர் பிடிப்பவனுக்குத்தான் கஷ்டம்.

2025 ஏப்ரலில் மறுபடியும் போனோம். வாகன இறக்குமதிக்கு அந்த ஆண்டு பெப்ரவரியில் வழி திறந்துவிட்டிருந்தது. ஆனால் புது வண்டிகளின் விலை எட்டாக் கனியாகவே இருந்ததால் பழைய வண்டிகளுக்கு மதிப்புக் குறையவில்லை. புகையிரத நிலைய வாசலில் அந்த ஹொண்டா நின்றது. முதற்பார்வைக்கு அது முழுக் கபே ரேஸர்தான். டாங்குக்குக் கரும்பச்சை வர்ணம். தேயிலையின் முற்றிய இலை நிறம். கைப்பிடி தாழ்ந்திருந்தது, ஆனால் பாஸின் வண்டியைப்போல் அவ்வளவு அல்ல. வளைவில் முழுவதும் ஒடித்துப் பார்த்தோம், பெருவிரலுக்கு இடமிருந்தது. மட்கார்டின் ஓரம் அழகாகச் சீவப்பட்டிருந்தாலும் நீளம் குறையவில்லை. செயின் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. டிங்கர் வேலையில் அதன் பிதுக்கத்தைத் தட்டி ஒடுக்கிக் கறுப்பு அடித்திருந்தான். கம்பிச் சட்டம் மாத்திரம் போய்விட்டது. பின்பல்சக்கரத்தில் இரண்டு பல் கூடியிருந்தது.

பின்சீட்டின் மேல் திமில்போல் ஒரு பைபர் மூடி. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் வண்டிக்கும் வேண்டும் என்று முன்பணம் கொடுத்துப் போயிருக்கிறாராம். அடுத்ததாக இன்னும் இரண்டு வண்டிகள் கராஜில் காத்திருக்கின்றன என்றும் சொன்னான்.

"ஒற்றை ஆசனம்தானே, நாம் பஸ்ஸில் வருகிறோம்," என்றோம்.

அவன் குனிந்து, சீட்டின் அடியில் இருந்த இரண்டு நட்டுகளைக் கையாலேயே திருகினான். சாவி எதுவும் தேவைப்படவில்லை. திமில் கழன்று வந்தது. அடியில் அந்தப் பழைய அகலச் சீட்டு, புது ரெக்சின் உறையோடு, வெட்டுப்படாமல் இருந்தது. திமிலை ஒரு சந்தைப் பைக்குள் போட்டு எம்மிடம் நீட்டினான்.

"மடியில வச்சுக்கோங்க சேர். கீறாமப் பாத்துக்கோங்க."

அவ்வாறே வைத்துக்கொண்டு, தலைக்கவசத்தை மாட்டி, டிக்கோயா வீதியில் போனோம். மழை தூறத் தொடங்கியது. லயத்துக்கு ஏறும் வளைவில் தாயார் குடையோடு நின்றுகொண்டிருந்தார். கையில் ஆஸ்பத்திரிக் கார்ட்.

"சேர், கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு பிரஷர் கிளினிக். நேரமாச்சு. நீங்க கொஞ்சம் எறங்கி நடந்துருங்க. வீட்டுல அவரு தேத்தண்ணி வச்சிருப்பாரு."

நாம் இறங்கினோம். எமது தலைக்கவசத்தை அவர் வாங்கி மாட்டிக்கொண்டு, குடையை எம்மிடம் தந்துவிட்டுப் பின்சீட்டில் ஏறி அமர்ந்தார். வண்டி இரண்டாம் கியரில் முனகியபடி சரிவில் இறங்கிப்போனது. ஒரு கையில் குடையும் மறுகையில் திமிலுமாக நாம் லயத்தை நோக்கி ஏறத் தொடங்கினோம்.